சிங்காநல்லூர் தந்த நாடகக் கலைஞர் எஸ்.வி. சகஸ்ரநாமம்

1952-ம் ஆண்டு தீபாவளிக்கு 'பராசக்தி' படம் வெளிவந்தது. அந்தப் படத்தின் கோர்ட்டுக் காட்சி என்றால் எல்லாருக்கும் சிவாஜி கணேசனின் நினைவுதான் வரும். மழை போல அவர் பொழிந்த வசனம்தான் காதில் ஒலிக்கும்.

ஆனால், அதே படத்தில் இன்னொரு கோர்ட்டுக் காட்சியும் உண்டு.

பெற்ற குழந்தையைக் கொன்றதாகக் கூண்டிலே ஒரு பெண் நிற்கிறாள். அவள் தன் கதையைச் சொல்கிறாள். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி கேட்டுக் கொண்டிருக்கிறார். அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் தன் சொந்தத் தங்கை என்பது அவருக்குப் புரிகிறது. வாய் திறந்து அவர் அழவில்லை. மார்பில் அடித்துக் கொள்ளவில்லை. முகம் மட்டும் மெல்ல மெல்ல மாறுகிறது. கடைசியில் மயங்கிச் சாய்கிறார்.

அந்த நீதிபதிதான் எஸ்.வி. சகஸ்ரநாமம். நம் கோவைக்குப் பக்கத்தில் உள்ள சிங்காநல்லூர்க்காரர்.

சினிமாவில் அண்ணனாகவும், அப்பாவாகவும், நல்ல மனிதராகவும் வந்து போன ஒரு நடிகர் என்றுதான் பலர் அவரை நினைத்திருக்கிறார்கள். அவருடைய உயிர் சினிமாவில் இல்லை. நாடக மேடையில் இருந்தது. சினிமாவில் சம்பாதித்ததை நாடகத்தில் போட்டவர் அவர். படித்தவர்களும் பத்திரிகைக்காரர்களும் அவருடைய நாடகங்களைப் போற்றினார்கள். அந்தப் பாராட்டு எதற்காகக் கிடைத்தது, அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதுதான் இந்தக் கதை.

பருத்தி மண்ணில் பிறந்தவர்

சகஸ்ரநாமம் 1913-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி சிங்காநல்லூரில் பிறந்தார்.

இன்று சிங்காநல்லூர் கோவை மாநகரத்துக்குள் இருக்கிறது. பஸ் நிலையமும், கடைத்தெருவும், இரைச்சலுமாக இருக்கிறது. அன்று அது நகரத்துக்குக் கிழக்கே திருச்சி ரோட்டில் இருந்த ஒரு கிராமம். ஒரு பக்கம் குளம். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் வந்து நிறையும் குளம் அது. சுற்றிலும் சோளமும், கம்பும், பருத்தியும். கோவையில் பஞ்சாலைகள் தலைகாட்டத் தொடங்கி விட்டன என்றாலும், பைகாரா மின்சாரம் வந்த 1930-களில்தான் ஆலைகள் மளமளவென்று பெருகின.

பொழுதுபோக்கு என்றால் கோயில் திருவிழாக் கூத்து. அல்லது உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் கதையை விடிய விடியக் கேட்டு, சங்கர் மாளும் இடத்தில் கண்ணைத் துடைத்துக் கொண்டு எழுந்து போகும் ஜனங்கள் நிறைந்த நாடு கொங்கு நாடு. சகஸ்ரநாமம் பிறந்த மறு ஆண்டு, 1914-ல், சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். ஊமைப் படம் காட்டிய கொட்டகை அது.

நாடகக் கம்பெனிகளும் வரும். கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கரூர், தாராபுரம் என்று ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடுவார்கள். வெள்ளாமை வீடு வந்து, கையில் நாலு காசு புழங்கும் காலம் பார்த்து வருவார்கள். மாட்டு வண்டி கட்டிக் கொண்டு ஜனங்கள் வந்து குவிவார்கள். மண் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தால், விடியும் வரை அசைய மாட்டார்கள்.

பையன்கள் கம்பெனி

அந்தக் காலத்தில் புகழ் பெற்று விளங்கியவை பாய்ஸ் கம்பெனிகள். ராஜா, ராணி, மந்திரி, பபூன் எல்லாரும் சிறுவர்களே. பெண் வேடமும் சிறுவர்களே போடுவார்கள்.

அந்த வாழ்க்கை சுலபமான வாழ்க்கை அல்ல. கம்பெனி வீட்டிலேயே தங்க வேண்டும். அங்கேயே சாப்பாடு. அங்கேயே தூக்கம். காலையில் எழுந்தால் பாட்டுப் பயிற்சி, பிறகு வசனப் பாடம், பிறகு ஒத்திகை. இரவில் நாடகம். தவறு செய்தால் பிரம்பு பேசும். வீட்டை நினைத்து மூலையில் உட்கார்ந்து அழுத பிள்ளைகள் எத்தனையோ!

இன்னொரு பயமும் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதானால் பையன்களுக்குக் குரல் உடைந்து விடும். அதை மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரை குயில் போலப் பாடிய பையன் இன்று வாய் திறந்தால் தகர டப்பாச் சத்தம் வரும். பாட்டே நாடகம் என்றிருந்த காலம் அது. குரல் போனால் வேடம் போகும். வேடம் போனால் சோறு போகும்.

அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில்தான் சகஸ்ரநாமம் சிறு வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அது டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்ற நான்கு சகோதரர்கள் 1925-ம் ஆண்டு தொடங்கிய கம்பெனி. அவர்களில் பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ் பெற்ற டி.கே. சண்முகம், சகஸ்ரநாமத்தை விட ஒரே ஒரு வயதுதான் மூத்தவர். கம்பெனி தொடங்கியபோது அவருக்கே பதின்மூன்று வயதுதான். முதலாளியும் பையன், தொழிலாளியும் பையன்!

அந்தச் சகோதரர்கள் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்டவர்கள். சுவாமிகள் 1922-ல் மறைந்த பிறகு, எம். கந்தசாமி முதலியார் என்ற ஆசிரியர் இவர்களுக்குக் கிடைத்தார். அவர் வந்ததும் கம்பெனியின் போக்கே மாறியது.

அதற்கு முன் நாடகம் என்றால் பெரும்பாலும் புராணம். நடிகர்கள் பாட்டைத்தான் ஒழுங்காகப் பாடம் செய்வார்கள். நடுவில் வரும் வசனத்தை அவரவர் இஷ்டம் போலப் பேசுவார்கள். எதிரில் நிற்பவரை மடக்குவதற்காகக் கதைக்குச் சம்பந்தம் இல்லாமல் தர்க்கம் செய்வதும் உண்டு. வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் மணிக்கணக்கில் வாதாடிக் கொண்டிருப்பார்கள்.

முதலியார் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். எழுதிய வசனத்தை எழுதியபடி பேச வேண்டும் என்றார். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' போன்ற நாவல்களை நாடகமாக்கினார். கிரீடம் போய்க் கோட்டும் தலைப்பாகையும் மேடைக்கு வந்தன. வக்கீலும் போலீஸ்காரரும் மேடைக்கு வந்தார்கள்.

சகஸ்ரநாமம் பாட்டால் பெயர் வாங்கியவர் அல்ல. பேச்சு முக்கியம் என்று ஆன பிறகுதான் அவரைப் போன்ற நடிகர்களுக்கு வழி பிறந்தது. எழுதியவருடைய வார்த்தைக்கு நடிகன் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் அந்தக் கம்பெனியில்தான் கற்றார். வாழ்நாள் முழுவதும் அதை விடவில்லை.

1935-ல் 'மேனகா' நாடகம் சினிமாப் படம் ஆயிற்று. சகஸ்ரநாமமும் அதில் தலைகாட்டினார். அதே கம்பெனியில் இருந்த இன்னொருவர், நாகர்கோவில்காரர், எல்லாரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

முதலாளி சிறையில்

கலைவாணர் சினிமாவில் கொடிகட்டிப் பறந்த காலம். சொந்தமாக நாடக சபையும் வைத்திருந்தார். அப்போது இடி விழுந்தது.

1944-ம் ஆண்டு நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கொலையுண்டார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தமிழ் நாடே திகைத்துப் போயிற்று.

வெளியே நின்றவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு நாடக சபை என்றால் நடிகர்கள், பக்க வாத்தியக்காரர்கள், சீன் இழுப்பவர்கள், சமையற்காரர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பி வாழும். ஜனங்கள் டிக்கெட் வாங்குவதே கலைவாணர் முகத்துக்காக. அந்த முகம் சிறையில் இருக்கிறது. வழக்குச் செலவோ ஏறிக் கொண்டே போகிறது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல் போயிற்று.

கலைவாணரின் மனைவி டி.ஏ. மதுரம் மனம் தளரவில்லை. அவருக்குத் துணையாக நின்று என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தியவர் சகஸ்ரநாமம். நடிகராக மட்டும் இருந்தவர், இப்போது ஆட்களைச் சேர்த்து, நாடகம் தேடி, ஒத்திகை பார்த்து, கணக்கும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு நாடகத்தை முழுவதுமாகத் தோளில் தூக்கிச் சுமப்பது எப்படி என்பதை அவர் அந்த நெருக்கடியில் கற்றார் என்பது என் எண்ணம். சௌகரியமான நாளில் கற்றிருந்தால் அத்தனை ஆழமாகப் பதிந்திருக்காது.

அப்போது அவர்கள் ஆடிய நாடகங்களில் ஒன்று 'பைத்தியக்காரன்'. பெண்களுக்குச் சமூகம் செய்யும் கொடுமையைச் சொன்ன சீர்திருத்த நாடகம். அதைப் படமாகவும் எடுத்தார்கள். சகஸ்ரநாமம் முக்கிய வேடத்தில் நடித்தார். அந்தப் படத்தில் எம்.ஜி.ஆரும் உண்டு. 1947 ஏப்ரலில் கலைவாணர் விடுதலையாகி வந்தார். வந்தவர் அந்தப் படத்திலும் நடித்துக் கொடுத்தார். அந்த ஆண்டே படம் வெளியாயிற்று.

போட்டது போட்டபடி விட்டுப் போன சபையை, உயிரோடு திருப்பி ஒப்படைத்தார்கள் மதுரமும் சகஸ்ரநாமமும்.

சேவா ஸ்டேஜ்

சில ஆண்டுகள் கழித்து, சென்னையில் சகஸ்ரநாமம் சொந்தமாக ஒரு நாடகக் குழுவை அமைத்தார். அதற்கு சேவா ஸ்டேஜ் என்று பெயர் வைத்தார். பெயரிலேயே சேவை இருக்கிறது.

அது நாடகத்துக்கு நல்ல காலம் என்று சொல்ல முடியாது. சினிமா எல்லாவற்றையும் விழுங்கிக் கொண்டிருந்தது. நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாக மாறி விட்டன. அவர் பிறந்த சிங்காநல்லூரிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்து, ஊரின் பெயரே சினிமாவோடு சேர்ந்து விட்டது. கலைஞர் மு. கருணாநிதி தம் முதல் படத்துக்கு வசனம் எழுத வந்து குடியிருந்ததும் அந்தச் சிங்காநல்லூரில்தான். ஊரை விட்டு நாடகத்தைத் தேடிப் போனார் ஒருவர். அவர் ஊரைத் தேடிக் கொண்டு சினிமா வந்தது!

நாடகம் நடக்கும் முறையும் மாறிப் போயிருந்தது. பழைய கம்பெனி ஓர் ஊருக்கு வந்தால் மாதக்கணக்கில் தங்கும். கையில் பதினைந்து, இருபது நாடகம் இருக்கும். ஒன்று ஓடாவிட்டால் இன்னொன்று. இப்போதோ சென்னையில் சபாக்கள் வந்து விட்டன. உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்டுவார்கள். சபா ஒரு மாலைக்கு நாடகக் குழுவை அழைக்கும். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிய வேண்டும். விடிய விடிய ஆட்டம் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு சபா.

இதில் ஒரு லாபம் உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் அழகாகக் கட்டிய ஒரு கதையைச் சொல்ல முடியும். படித்த ரசிகர்கள் வருவார்கள். நஷ்டமும் உண்டு. எத்தனை நல்ல நாடகமானாலும், சபா கொடுக்கும் தொகையில் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் குழுவைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆகவே, சகஸ்ரநாமம் பகலில் சினிமாவில் நடித்தார். மாலையில் நாடக ஒத்திகைக்கு ஓடினார்.

எழுத்தாளருக்கு மேடை

சேவா ஸ்டேஜுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த காரியம் ஒன்று உண்டு. கதை எழுதிப் பெயர் பெற்ற பெரிய எழுத்தாளர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, நாடகம் எழுதுங்கள் என்று கேட்டார் சகஸ்ரநாமம்.

இதில் என்ன அதிசயம் என்று நினைக்கலாம். அன்றைக்கு அது அதிசயம்தான். சிறுகதை எழுதுபவர் ஒரு தெரு. நாடகம் எழுதுபவர் வேறு தெரு. இலக்கியக்காரர்கள் நாடகக் கொட்டகையை மட்டமாக நினைத்தார்கள். நாடகக்காரர்களோ, இவர்கள் எழுதினால் நாலு பேர் உட்கார மாட்டார்கள் என்று நினைத்தார்கள். இரண்டு தெருவுக்கும் நடுவே பாலம் போட்டவர் சகஸ்ரநாமம்.

முதலில் சொல்ல வேண்டியவர் பி.எஸ். ராமையா. வத்தலக்குண்டுக்காரர். 'மணிக்கொடி' பத்திரிகையைச் சிறுகதைக்கென்றே நடத்தியவர். அவரை நாடக ஆசிரியராக நிலைநிறுத்தியது சேவா ஸ்டேஜ். 'பிரசிடெண்ட் பஞ்சாட்சரம்', 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' ஆகியவை அந்தக் கூட்டுறவில் வந்த நாடகங்கள். தஞ்சாவூர் மண்ணின் எழுத்தாளர் தி. ஜானகிராமன் 'நாலு வேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' முதலிய நாடகங்களை எழுதினார்.

இந்தப் பெயர்களை ஒரு முறை திரும்பப் படித்துப் பாருங்கள். தேரோட்டி, போலீஸ்காரர், பிரசிடெண்ட், வாத்தியார். அரச குமாரன் இல்லை. மன்மதன் இல்லை. எல்லாம் தொழில் செய்து பிழைக்கிற மனிதர்கள். நம் தெருவிலேயே காணக் கூடியவர்கள்.

'தேரோட்டி மகன்' யார் கதை தெரியுமா? கர்ணன் கதை. கர்ணனைப் பற்றி நம் நாட்டில் ஆடாத கூத்து இல்லை. கொடை வள்ளல் என்றும், குந்தி பெற்ற முதல் பிள்ளை என்றும், சூரிய புத்திரன் என்றும் சொல்லியே பழக்கம். ராமையா வைத்த பெயர் வேறு. ஆற்றில் வந்த குழந்தையை எடுத்து வளர்த்தவன் அதிரதன் என்ற தேரோட்டி. அவன் மகன் என்பதற்காகத்தான் கர்ணன் சபை நடுவே அவமானப்பட்டான். அந்த அவமானத்தையே தலைப்பாக வைத்து விட்டார் ஆசிரியர். பிறப்பைச் சொல்லி ஒருவனைத் தாழ்த்துவது சரியா என்ற கேள்வி, திரை தூக்குவதற்கு முன்பே ஜனங்கள் மனசில் விழுந்து விடும். விமரிசகர்கள் இந்த நாடகத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் இதை விட்டு விட்டு எழுதுவதில்லை.

'போலீஸ்காரன் மகள்' வேறு வகை. கண்டிப்பான போலீஸ்காரர் ஒருவர். அவருக்குச் சட்டமும் மானமும் இரண்டு கண்கள். அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு துன்பம் நுழைகிறது. ஊரைக் கட்டி மேய்க்கிறவர், பெற்ற பெண்ணின் முன்னே என்ன செய்வார்? பெண்ணைப் பெற்ற எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சில் தைக்கும் கதை. இதை 1962-ல் ஸ்ரீதர் படமாக எடுத்தார். படத்திலும் சகஸ்ரநாமமே போலீஸ்காரராக நடித்தார். படம் பார்த்தவர்கள் அந்தக் காக்கிச் சட்டை மனிதரை மறந்திருக்க முடியாது. அதட்டும்போதுகூட அவர் கத்துவதில்லை. குரல் தணியத் தணியத்தான் நமக்குப் பயமாக இருக்கும்.

பாரதி மேடை ஏறினார்

பாரதியாரின் 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912-ல் அச்சானது. எளிய பதம், எளிய நடை, ஓரிரண்டு வருஷம் எழுத்துப் படித்தவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பது பாரதியின் நோக்கம். அதை முன்னுரையிலேயே அவர் சொல்லி வைத்தார். ஆனால் புத்தகம் படித்தவர்கள் கையில்தான் தங்கியது.

சகஸ்ரநாமம் அதை மேடைக்குக் கொண்டு வந்தார். பாரதியின் கவிதையையே நடிகர்கள் பேச வேண்டும். இது லேசான காரியம் இல்லை. பள்ளிப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பது போல ஒரே ராகமாகப் போனால் சபை கொட்டாவி விடும். சாதாரண வசனம் போல உடைத்துப் பேசினால் கவிதை செத்துப் போகும். இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். எழுதியவரின் வார்த்தையை மாற்றாமல் பேச வேண்டும் என்று பையன்கள் கம்பெனியில் படித்த பாடம் இங்கே கை கொடுத்தது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத ஒருவரும் கொட்டகையில் உட்கார்ந்து பாரதியைக் கேட்கலாம் என்று ஆயிற்று.

பாராட்டு ஏன்?

நாடகம் பார்ப்பவர்கள் பலர் நடிப்பு என்றால் அழுகை, ஆத்திரம், நீண்ட வசனம் என்று எண்ணுகிறோம். சேவா ஸ்டேஜை விமரிசகர்கள் மெச்சியது வேறு காரணத்துக்காக.

ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். உண்மையில் கேட்க வேண்டும். அடுத்த வசனம் எப்போது வரும் என்று காத்துக் கொண்டு நிற்கக் கூடாது. தொடக்கத்தில் சொன்ன நீதிபதியை நினைத்துக் கொள்ளுங்கள். அந்தக் கலையைத்தான் அவர் மேடையிலும் காட்டினார்.

இன்னொன்று, நாடகம் ஒருவரைச் சுற்றி ஓடாது. பெரிய நடிகர் வந்ததும் கைதட்டு, மற்றவர்கள் ஒதுங்கி நிற்பது என்ற வழக்கம் அங்கே இல்லை. குழுத் தலைவரே சிறு வேடத்துக்கும் இறங்கி வருவார் என்றால் மற்றவர்கள் எப்படி முரண்டு பிடிப்பார்கள்?

குறை இல்லாமல் இல்லை. சில நாடகங்களில் பேச்சு அதிகம். கதாபாத்திரம் பேசுகிறதா, ஆசிரியர் பேசுகிறாரா என்று சந்தேகம் வரும் இடங்கள் உண்டு. இந்த நாடகங்கள் பெரும்பாலும் நகரத்துச் சபாக்களோடு நின்று போயின என்பதும் என் குறை. தாராபுரத்திலும் பெருந்துறையிலும் மண் தரையில் உட்கார்ந்து கர்ணனுக்காக அழுத ஜனங்களில் எத்தனை பேருக்குத் 'தேரோட்டி மகன்' பார்க்கக் கிடைத்தது?

புதிய நடிகர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் அவருக்கு ஆசை அதிகம். பின்னாளில் சினிமாவில் பெரிய பெயர் எடுத்த ஆர். முத்துராமன் சேவா ஸ்டேஜில் வளர்ந்தவர். வி. கோபாலகிருஷ்ணன், எஸ்.என். லட்சுமி ஆகியோரும் அந்த மேடையில் நின்றவர்கள். முத்துராமன் சினிமாவில் அலட்டிக் கொள்ளாமல் நடித்ததைப் பார்த்தால், யாரிடம் பாடம் கேட்டவர் என்பது விளங்கும்.

நாலு வேலி நிலமும் ஒரு நஷ்டமும்

பாராட்டு நிறைய வந்தது. பணம்?

1959-ல் 'நாலு வேலி நிலம்' நாடகத்தைச் சகஸ்ரநாமமே படமாக எடுத்தார். முக்தா சீனிவாசன் டைரக்ட் செய்தார். முத்துராமன், தேவிகா, எஸ்.வி. சுப்பையா முதலியோர் நடித்தார்கள். வேலி என்பது தஞ்சாவூர்ப் பக்கத்து நில அளவு. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். நாலு வேலி என்றால் இருபத்தாறு ஏக்கருக்கு மேல் வரும். நம் கொங்கு நாட்டில் வள்ளக் கணக்குத்தான் வழக்கம்.

நல்ல கதை. நல்ல நடிகர்கள். பார்த்தவர்கள் குறை சொல்லவில்லை. ஆனால் படம் ஓடவில்லை. போட்ட பணம் போயிற்று. வள்ளக் கணக்கில் பிறந்த மனிதர் வேலிக் கணக்கில் நஷ்டப்பட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

அதே ஆண்டில் 'பிரசிடெண்ட் பஞ்சாட்சரம்' படமாக வந்தது. மூன்று ஆண்டு கழித்துப் 'போலீஸ்காரன் மகள்' வந்தது. வேறு கம்பெனிகள் எடுத்த படங்கள் அவை. சேவா ஸ்டேஜ் உழுது விதைத்த வயலில் மற்றவர்களும் அறுவடை செய்தார்கள் என்று சொல்லலாம்.

இன்னொருவராக இருந்தால் அத்தோடு நாடகத்துக்குக் கும்பிடு போட்டிருப்பார். சினிமாவில் வேடம் கிடைத்துக் கொண்டுதான் இருந்தது. நாடகத்தை விட்டு விட்டால் வசதியாக வாழலாம். சகஸ்ரநாமம் விடவில்லை. நஷ்டத்துக்குப் பின்னும் அவர் நாடகம் போட்டார். புதிய நாடகம் கேட்டு எழுத்தாளர்களைத் தேடிப் போனார்.

மத்திய சங்கீத நாடக அகாதமி அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. சிறுவனாய் அவர் சேர்ந்த கம்பெனியின் டி.கே. சண்முகத்துக்கும் அந்த அகாதமி விருது கிடைத்தது. ஒரே கம்பெனி வீட்டில் ஒன்றாய்ச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பையன்கள், நாட்டின் உயர்ந்த நாடக விருதை ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

கடைசி ஆண்டுகள்

1970-களில் சபா நாடகத்தின் முகம் மாறியது. ஜனங்கள் சிரிப்பு நாடகத்தை விரும்பினார்கள். துணுக்குக்கு மேல் துணுக்காகச் சொல்லிச் சிரிக்க வைக்கும் குழுக்கள் வந்தன. சேவா ஸ்டேஜின் நாடகங்கள் குறைந்து கொண்டே வந்தன. அடுத்தாற்போல டெலிவிஷன் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

டி.கே. சண்முகம் 1973-ல் காலமானார். முத்துராமன் 1981-ல் போய்ச் சேர்ந்தார். தி. ஜானகிராமன் 1982-லும், பி.எஸ். ராமையா 1983-லும் மறைந்தார்கள். கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போவதைச் சகஸ்ரநாமம் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் 1988-ம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார். அப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது.

மேடை நாடகம் திரை விழுந்ததும் போய் விடும். ராமையாவின் நாடகங்கள் புத்தகமாக இருக்கின்றன. ஆனால் சேவா ஸ்டேஜ் அவற்றை எப்படி ஆடியது என்பது, அன்று கொட்டகையில் இருந்தவர்களோடு போயிற்று. நமக்கு மிஞ்சியிருப்பது சில சினிமாப் படங்கள்தான்.

டெலிவிஷனில் எப்போதாவது 'பராசக்தி' போடுவார்கள். சிங்காநல்லூரிலும் பார்ப்பார்கள். தங்கை கூண்டில் நின்று பேசும் அந்தக் காட்சி வரும்போது, நாற்காலியில் இருக்கும் நீதிபதி நம் ஊர்க்காரர் என்று வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.